பல்லாவரத்தில் இறங்கிப் பார்த்ததுண்டா?

சென்னைக் கடற்கரையில் புறப்பட்டுத் தாம்பரம் போகும் மின்சார ரெயிலில் தினமும் பல்லாயிரம் பேர் போகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கிண்டியில் இறங்குகிறார்கள். விமானம் ஏறப் போகிறவர்கள் திரிசூலத்தில் பெட்டியோடு இறங்குகிறார்கள். அடுத்த நிலையம் பல்லாவரம். அங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று இறங்குகிறவரைக் காண்பது அரிது.

அப்படி என்ன இருக்கிறது பல்லாவரத்தில்?

கல் இருக்கிறது!

சிரிக்காதீர்கள். இந்த ஊரின் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. அண்டை வீட்டுக்காரர்களான நமக்குத்தான் அது தெரியாது.

குனிந்து எடுத்த கல்

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. பல்லாவரத்தில் அப்போது வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தது. பட்டாளத்தார் அணிவகுக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை வெட்டிய ஒரு குழி. வெட்டிப்போட்ட மண்ணும் சரளையும் குவிந்து கிடந்தன.

அந்த வழியாக ஓர் ஆங்கிலேயர் வந்தார். பெயர் ராபர்ட் புரூஸ் பூட். வயது 28. அரசாங்கத்தின் மண்ணியல் ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம். எந்த ஊரில் என்ன பாறை, எந்த மண்ணுக்கடியில் என்ன கனிப்பொருள் என்று பார்த்து எழுதுவது அவருடைய வேலை.

சரளைக் குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் காலால் எற்றிவிட்டுப் போயிருப்போம். அவர் குனிந்து எடுத்தார்.

அது தானாக உடைந்த கல் அல்ல. கையில் பிடிக்க வாகாக ஒரு பக்கம் தடித்திருந்தது. மறுபக்கம் சரிந்து கூராக இருந்தது. இருபுறமும் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்த வடு. யாரோ ஒரு மனிதன் உட்கார்ந்து, இன்னொரு கல்லால் தட்டித் தட்டிச் செய்த ஆயுதம் அது. இதைத்தான் 'கைக்கோடரி' என்கிறார்கள். கிழங்கு தோண்டலாம். இறைச்சி அறுக்கலாம். எலும்பை உடைக்கலாம். காம்பு கிடையாது. கைதான் காம்பு!

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1859-ல்தான், பிரான்சு நாட்டில் இத்தகைய கற்கள் கிடைத்ததை அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். மனிதன் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று எண்ணியிருந்த காலம் அது. அந்தச் செய்தி பூட்டின் மனத்தில் இருந்தது. அதனால்தான் பல்லாவரத்துச் சரளையில் கிடந்த கல்லை அவரால் அடையாளம் காண முடிந்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று அறிவதற்கு முதல் சாட்சி அந்தக் கல்தான்.

பூட் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில், தம்மோடு வேலை பார்த்த வில்லியம் கிங் என்பவரோடு சேர்ந்து அதிரம்பாக்கம் போனார். அது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து ஊர். அங்கே கற்கருவிகள் குவியலாகக் கிடைத்தன. அந்த ஊர்க் கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வரை வயது இருக்கும் என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதிரம்பாக்கத்தின் பெருமைக்கு வழி திறந்தது பல்லாவரத்துக் கல்!

பூட் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்ல. ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்த பெர்சிவல் பாதிரியார்தான் அவருடைய மாமனார்.

கால் முளைத்த பெட்டி

கைக்கோடரி செய்தவன் போய்விட்டான். யுகங்கள் கழிந்தன. இரும்பு வந்தது. அந்தக் காலத்து மக்களும் பல்லாவரத்தை விடவில்லை. இறந்தவர்களை இந்த மேட்டு நிலத்தில் அடக்கம் செய்தார்கள்.

சுட்ட மண்ணால் நீளமான ஒரு தொட்டி. அடியில் குட்டையாக வரிசை வரிசையாய்க் கால்கள். இறந்தவரின் எலும்புகளை அதற்குள் வைத்து, சிறு பானைகளும் வைத்துப் புதைத்துவிடுவார்கள். மேலே கற்களை வட்டமாக அடுக்குவார்கள். ஈமப்பேழை என்று இதற்குப் பெயர். 2,000 ஆண்டுக்கு மேல் பழையது. ஆதிச்சநல்லூரைத் தோண்டிப் புகழ்பெற்ற அலெக்சாந்தர் ரீ, பல்லாவரத்திலும் இத்தகைய பேழைகளைக் கண்டு எழுதியிருக்கிறார்.

ஒரு குகை, இரண்டு பக்தி

பல்லவபுரம் என்ற பெயர்தான் பல்லாவரம் என்று மருவிற்று. பெயருக்கு ஏற்றபடி பல்லவர் சின்னமும் இருக்கிறது. மலையில் பாறையைக் குடைந்து ஒரு கோவில். குடைந்தவன் முதலாம் மகேந்திரவர்மன். 7-ம் நூற்றாண்டின் தொடக்கம். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த நரசிம்மவர்மனின் தகப்பன் அவன்.

உள்ளே ஐந்து சிறு அறைகள். முகப்பில் தடித்த தூண்கள். உத்திரத்தில் மகேந்திரனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. தன் பட்டங்களைக் கல்லில் பொறிப்பதில் அவனுக்குத் தணியாத ஆசை!

இப்போது அந்தக் குகை முஸ்லிம்கள் வழிபடும் தர்காவாக இருக்கிறது. பல்லவன் தூணும் நிற்கிறது. தர்காவுக்குப் பக்தர்களும் வருகிறார்கள். குகையில் ஆள் நடமாட்டம் இருந்ததால்தான் கல்லுடைக்கிறவர்களின் உளி அதன்மேல் பாயவில்லையோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

பக்கத்தில் திரிசூலம் மலைகளுக்கு நடுவே சோழர் காலத்துச் சிவன் கோவில் ஒன்று உண்டு. விமான நிலையத்துக்கு எதிரே இப்படி ஒரு பழங்கோவிலா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

கல்கத்தாவுக்குப் போன கல்

பல்லாவரம், பரங்கிமலைப் பாறையின் கதை தனிக் கதை. கல்கத்தாவில் ஆங்கிலேயரின் குடியேற்றத்துக்கு அடிகோலியவர் ஜாப் சார்னாக். 1690-களில் இறந்தார். அவர் கல்லறையின்மேல் கருமையான ஒரு கல்லைப் பதித்தார்கள். 200 ஆண்டு கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலந்து என்ற மண்ணியல் அறிஞர் அந்தக் கல்லைச் சோதித்தார். வண்டல் மண் பூமியான அந்த வட்டாரத்தில் அந்தக் கல் ஏது? அது நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டார். சார்னாக்கின் பெயரையே சேர்த்து 'சார்னோக்கைட்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். இன்று உலகத்தில் எங்கே அந்த வகைப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். மூலப் பாறை இங்கே! அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு.

மலை போய் மடு வந்தது

இவ்வளவு உறுதியான கல்லைப் பட்டணம் சும்மா விடுமா? கட்டடத்துக்கு ஜல்லி வேண்டும். சாலைக்கு ஜல்லி வேண்டும். ரெயில் பாதைக்கும் ஜல்லி வேண்டும். பல்லாவரம், திரிசூலம், பம்மல் வட்டாரத்து மலைகளை வெடி வைத்து உடைத்தார்கள். சென்னையில் எத்தனையோ வீட்டின் தளத்துக்குள் இந்த மலைகளின் துண்டு இருக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் கல்லுடைத்துப் பிழைத்தன. அதையும் மறந்துவிடக் கூடாது.

உடைத்த இடங்களில் இன்று ஆழமான மடுக்கள். மழைத் தண்ணீர் நிறைந்து பச்சையாக நிற்கிறது. 2017-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, இதே வட்டாரத்தில் சிக்கராயபுரத்துக் கல்குவாரித் தண்ணீரைச் சுத்தம் செய்து பட்டணத்துக்குக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறதென்று இந்த மடுக்களில் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். கரை என்பதே கிடையாது. கால் வைத்தால் பாதாளம்.

பல்லாவரத்துப் பெரிய ஏரிக்கும் நல்ல காலம் இல்லை. துரைப்பாக்கம் போகும் அகலமான சாலை ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. போதாததற்குப் பல ஆண்டுகள் குப்பையையும் அதில் கொட்டினார்கள்.

செத்தவர் இடமா, இருப்பவர் வீடா?

இனி, ஊரில் இன்றைக்கும் கொதிக்கும் விஷயத்துக்கு வருவோம்.

ஜமீன் பல்லாவரத்தில் பழைய ஈமக்காடு இருக்கும் மேடு, மத்திய அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ம் ஆண்டுச் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். அதன்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இருக்கிற வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோவிலைச் சுற்றி இப்படி ஒரு சட்டம் என்றால் யாருக்கும் புரியும். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே தெரிவது என்ன? மேடு. புதர். சில கற்கள். மற்றதெல்லாம் மண்ணுக்குள்! இரண்டு கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆகிறது. மாடியில் ஓர் அறை வேண்டும். அனுமதி இல்லை. மனையை விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. "எங்களுக்கு என்ன வழி?" என்று அந்த மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு ஒரு முறை மண்வெட்டி விழுந்தால், 2,000 ஆண்டு கிடந்த பேழை நொறுங்கிப்போகும். மறுபடி அதை யாரால் செய்து வைக்க முடியும்?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தடை போடுவதோடு வேலை முடியவில்லை என்பேன். தெருத் தெருவாகப் பரிசோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். எங்கே சின்னம் இருக்கிறது, எங்கே இல்லை என்று படம் போட்டு ஊர் மக்களுக்குக் காட்ட வேண்டும். இல்லாத இடத்தை விட்டுவிட வேண்டும். இருக்கும் இடத்தில் மனை வைத்திருப்பவருக்கு நஷ்டஈடு தர வேண்டும். மண்ணுக்குள் இருப்பது தன் ஊரின் சொத்து என்று தெரிந்துவிட்டால், அதைக் காக்க ஊரே முன்வரும். தன் பிள்ளையின் கூரைக்குக் குறுக்கே நிற்கும் பூதம் என்று நினைத்தால் யார் காப்பார்கள்?

அடிகள் வாழ்ந்த தெரு

கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த ஊர்த் தமிழுக்குத் துரோகம் செய்தவனாவேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 13 ஆண்டு தமிழ் கற்பித்த வேதாசலம், 1911-ல் வேலையை விட்டுப் பல்லாவரத்தில் வந்து குடியேறினார். அவர்தான் மறைமலை அடிகள். 1916-ல் ஒரு நாள், வள்ளலாரின் பாட்டு ஒன்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் பாடும்போது, 'தேகம்' என்ற சொல்லுக்குப் பதில் 'யாக்கை' என்றிருந்தால் இன்னும் இனிக்குமே என்று மகள் நீலாம்பிகையிடம் சொன்னார். தனித்தமிழ் இயக்கம் அங்கே பிறந்தது. 1950-ல் காலமாகும் வரை அடிகளுக்கு இதுதான் ஊர். சாவடித் தெருவில் அவருடைய வீடு.

எப்போது போகலாம்?

2021-ல் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கன்டோன்மென்ட் பகுதி மட்டும் தனி. ஆனாலும் ஊரின் குணம் மாறவில்லை. அதைப் பார்க்க வெள்ளிக்கிழமை போக வேண்டும். அன்றுதான் சந்தை! முன்பு மாட்டுச் சந்தையாக இருந்தது என்பார்கள். இப்போது பூச்செடி முதல் பழைய நாற்காலி வரை, புறா முதல் துருப்பிடித்த திருகாணி வரை எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்த பாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

மலை ஏறுவதாக இருந்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். குகைக்குள் செருப்போடு போகாதீர்கள்.

புரூஸ் பூட் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூருக்குப் போனால் பார்க்கலாம். ஆனால் சந்தையையும் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை!