சுக்கான் மண்ணில் வெளுக்கும் கடலை

மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையின் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்குவது அந்த நீர்தான். மழை குறைந்த கோவை, திருப்பூர் பக்கங்களில் ஆழம் போகுமுன் ஈரம் வற்றிவிட, சுண்ணாம்பு வெள்ளைக் கட்டியாகப் படிகிறது. மண்வெட்டியில் இடறும் சுக்கான் கல் இதுதான்.

இங்கே விதைத்த நிலக்கடலையின் இளந்தளிர், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளாக வெளுக்கும். யூரியா போட்டால் காசுதான் நட்டம். தழைச்சத்துக் குறையென்றால் அடியிலைதானே முதலில் வெளுக்கும்! மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பின் காரத்தில் வேருக்கு எட்டாத துருவாகக் கிடக்கிறது. அன்னபேதியை மண்ணில் இட்டாலும் அதே கதிதான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாலையில் இலைமேல் தெளித்தால் புதுத்தளிர் பச்சை கட்டும்.