எந்த ஊர் என்று கேட்டால்…

பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் யாரைக் கேட்டாலும் சொந்த ஊருக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். 1969 முதல் முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்களை அரசு இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலத்தவர். ஜோகிந்தர் நகர், விஜய் நகர், கோவிந்த் நகர் என்று கடலோரத்துக் குடியிருப்புகளின் பெயர்களே வந்த கதையைச் சொல்லிவிடும்.

அதே தீவின் நிக்கோபாரியருக்கும், காட்டுக்குள் வாழும் ஷாம்பென் மக்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தாது. அவர்கள்தான் ஊர்க்காரர்கள். ஆனாலும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கலாம். அதற்குப் பதில் தேடிய ஆராய்ச்சியின் தொடக்கம் ஒரு பாம்பு.

உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் கல்வாரி என்ற கிராமம். 1947-ல் அங்கே பிறந்த லால்ஜி சிங், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1971-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் இது பிழைப்புக்கு ஆகிற படிப்பாக யாருக்கும் தோன்றியிருக்காது. பாம்பில் ஆண், பெண் கணக்கு நம்முடையதற்குத் தலைகீழ். அங்கே இரண்டு வேறுபட்ட பால் குரோமோசோம்கள் இருப்பது பெண்ணுக்கு. எடின்பரோவில் இருந்தபோது, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியனில், பெண்ணுக்கே உரிய அந்தக் குரோமோசோமோடு தொடர்புடைய ஒரு டி.என்.ஏ. துணுக்கை அவரும் உடன் பணியாற்றியவர்களும் பிரித்தெடுத்தார்கள். ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கு எழுத்துகள் அதில் திரும்பத் திரும்ப வரும். சின்னக் குழந்தை ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே இருப்பதைப் போல.

அந்த எழுத்துத் தொடர் பாம்போடு நிற்கவில்லை. எலியிலும் மனிதனிலும் இருந்தது. மனிதருக்கு மனிதர் அது அமைந்திருக்கும் விதம் மாறியது. 1987-ல் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு வந்த லால்ஜி சிங், இதை வைத்தே இந்தியாவுக்கென ஒரு டி.என்.ஏ. கைரேகை முறையை உருவாக்கினார். தலச்சேரி நீதிமன்றத்துத் தந்தைமை வழக்கு, ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பு விசாரணை என்று அது போன இடங்கள் பல. பிற்காலத்தில் பனாரஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கியதும் செய்தியானது. என்னைக் கேட்டால், அந்த ஒரு ரூபாயைவிட அவர் ஹைதராபாத்தில் சேர்த்த ஆட்கள்தான் பெரிய சொத்து.

அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து போன குமாரசாமி தங்கராஜ். இருவரும் சேர்ந்த குழு 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் அந்தமானின் ஓங்கி, கிரேட் அந்தமானியர் மக்கள், நிக்கோபாரியர் ஆகியோரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுமையாகப் படித்துக் கட்டுரை வெளியிட்டது. மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குள் இருக்கும் சக்திக் கூடம். அதன் டி.என்.ஏ. தாய் வழியாக மட்டுமே வருவது. அதனால் அது பாட்டி வழிக் கொடியைப் பிசகாமல் காட்டும். ஓங்கி, அந்தமானியர் கொடிகள் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்தவை, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஆதி மனிதரோடு வந்தவை என்றது கட்டுரை. நிக்கோபாரியரோ தென்கிழக்காசியர்களுக்கு நெருக்கமானவர்கள். வரைபடத்தைப் பார்த்தால் அதில் வியப்பில்லை. கேம்பல் பே இருக்கும் பெரிய நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமத்ரா சுமார் 150 கி.மீ.தான், சென்னை அதைப்போல் பத்து மடங்கு தூரம்.

சும்மா விடுவார்களா? 2006-ல் அதே இதழில் மறுப்பு வந்தது. எழுதியவர்களில் முதல் பெயர் பழனிச்சாமி, சீனாவின் யுன்னானிலிருந்து. அந்தமானியர் கொடியின் உறவுகள் இந்தியாவின் வடகிழக்குப் பக்கமும் கிடைக்கின்றன, ஆகவே தீவுக்கு அவர்கள் வந்த காலத்தையும் வழியையும் மறுபடி யோசிக்க வேண்டும் என்று. அந்தமானின் வயதைப் பற்றி ஹைதராபாத் தமிழருக்கும் யுன்னான் தமிழருக்கும் வாக்குவாதம். ஓர் ஆய்வுக்கு இதைவிட நல்ல மரியாதை கிடையாது.

2009-ல் ஹைதராபாத் குழு மரபியலாளர் டேவிட் ரைக்கோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது ஓங்கி மக்கள் மறுபடி வந்தார்கள். இந்திய நிலப்பரப்பின் பெரும்பாலான மக்கள் வட, தென் என்ற இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலவை என்று காட்ட அவர்கள் அளவுகோலாக உதவினார்கள். தென் மூதாதையோடு உறவுள்ளவர்கள், வட மூதாதைக் கலப்பு இல்லாதவர்கள். நம் கதையைப் படிக்க நமக்குத் தீவுக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

லால்ஜி சிங் 2017 டிசம்பரில் காலமானார். தங்கராஜும் பனாரஸின் ஞானேஷ்வர் சௌபேயும் நிக்கோபாரியர் ஆய்வைத் தொடர்ந்தார்கள். தாய்லாந்து, லாவோஸ் மலைகளில் வாழும் டின் மால் மக்களோடு நிக்கோபாரியருக்கு நெருங்கிய மரபுறவு இருப்பது தெரிந்தது. இரு தரப்பு மொழிகளும் ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பம்.

2021-ல் அவர்கள் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு, ஓங்கி, ஜாரவா போன்ற சிறு கூட்டங்களின் டி.என்.ஏ.வில் தாய் வழியும் தந்தை வழியும் ஒரே மாதிரி இருக்கும் நீண்ட பகுதிகளைக் கண்டது. கோவிட் வந்தால் அவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருக்கலாம் என்று எச்சரித்தது. பெரிய நிக்கோபாரின் ஷாம்பென் மக்களும் அப்படியொரு சிறு கூட்டம்தான், 2011 கணக்கெடுப்பில் 229 பேர். கேம்பல் பேக்குத் தெற்கே, கலாத்தியா விரிகுடாவில் வரவிருக்கும் துறைமுகத் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. விமான நிலையமும் நகரியமும் அதே திட்டத்தில் அடக்கம். அங்கே குடியேறப்போவோரின் எண்ணிக்கையை லட்சங்களில் சொல்கிறார்கள்.