தி பாத்ஸ்: கூட்டத்துக்கு முன்னாடி படகுல போய்ச் சேர்றது எப்படி?

இன்னிக்குக் கரீபியன் கடல்ல படகு ஓட்டுறவங்க யாரும் விடாம போற ஓர் இடம். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள்ல இருக்கிற ‘தி பாத்ஸ்’. வர்ஜின் கோர்டா தீவோட தென்கோடியில, வீடு அளவு கிரானைட் பாறைகள் ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு கிடக்கும். நடுவுல குகை மாதிரி இடுக்குகள், உள்ள ஆழமில்லாத கடல்தண்ணி, மேல இருந்து கீற்றா வெயில். போட்டோவுல பார்க்கிறதை விட நேர்ல நிச்சயமா நல்லா இருக்கும், ஆள் இல்லைன்னா.

ஆனா ஆள் இருப்பாங்க. பக்கத்து டோர்டோலா தீவுல பெரிய பயணிகள் கப்பல் நிக்கிற நாள்ல, ஃபெர்ரி பிடிச்சு, திறந்த டாக்ஸியில ஏறி கும்பல் கும்பலா வந்துடுவாங்க. குகைக்குள்ள ஏணி ஏறவே வரிசையில நிக்கணும்.

சொந்தமா பாய்மரப் படகு இருந்தா காலையிலேயே போயிடலாமே? போகலாம். ஆனா ராத்திரி அங்கேயே தங்க முடியாது. நங்கூரம் கடலடியைச் சிதைக்கும்ங்கிறதால, தேசியப் பூங்கா அறக்கட்டளை போட்டு வச்சிருக்கிற மிதவையிலதான் படகைக் கட்டணும். அதுவும் பகல்ல மட்டும், 90 நிமிஷம். அதனால முந்தின ராத்திரி எங்க தூங்குறோம்ங்கிறதுதான் உண்மையான பிளான். கூப்பர் தீவு, இல்லைன்னா கொஞ்சம் வடக்கே ஸ்பானிஷ் டவுன். விடிஞ்சதும் கிளம்புங்க.

இனிதான் கவனிக்க வேண்டிய விஷயம். டிங்கியை, அதாவது கரைக்குப் போற குட்டிப் படகை, மணல்ல ஏத்தக் கூடாது. கரைக்கு முன்னாடி ஒரு கயிறு இருக்கும். அதுல கட்டிட்டு மிச்ச தூரம் நீந்தணும். இந்தக் கொஞ்ச தூரம்தான் ஆபத்து. வழக்கமான கிழக்குக் காத்தைத் தீவு மறைச்சுடும், கடல் சாதுவா தெரியும். குளிர்காலத்துல மட்டும் வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்புற நெடிய அலை, இங்க காத்தே இல்லாதப்பவும் தீவைச் சுத்தி உள்ள வரும். அது மணல்ல மட்டும் தள்ளாது, பாறையிலயும் மோதவிடும்.

சிவப்புக் கொடி பறந்தா தண்ணியில இறங்கவே இறங்காதீங்க. “இவ்ளோ தூரம் வந்துட்டோமே”னு யோசிக்கிற நேரம் அது இல்லை. படகை ஸ்பானிஷ் டவுன்ல விட்டுட்டு டாக்ஸி பிடிங்க. சாயங்காலம் போனா கப்பல்காரங்க திரும்பியிருப்பாங்க. பாறைகளுக்குள்ள நடந்து பார்க்கலாம், கடல்ல மட்டும் கால் வைக்க வேணாம்.