ரேடியோவுக்குத் தொண்டை கட்டினால்…

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி! மேலே போய் நின்றால் ஊர் முழுவதும் தெரியும். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை.

இந்த மாதிரி மேடான இடம் என்றால் ரேடியோ பிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். அலைகள் தடையில்லாமல் வந்து சேரும். ஊருக்குள் மோட்டாரும் டியூப் லைட்டும் கிளப்பும் இரைச்சல் அங்கே குறைவு.

ஒருவர் பாட்டரியில் வேலை செய்யும் சிறு ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சினிமாப் பாட்டு கேட்கும் ரேடியோ அல்ல. ‘ஹாம்’ என்று சொல்லப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பேச்சைக் கேட்கும் பெட்டி. பெட்டியைத் திருப்பினால் குரல் வருகிறது. ஆனால் கரகரவென்று வருகிறது. யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று ஒன்றும் புரியவில்லை.

என்ன செய்வது?

உயிர் காத்த பேச்சு

ஹாம்கள் சம்பளத்துக்குப் பேசுகிறவர்கள் அல்ல. ஆசைக்குப் பேசுகிறவர்கள். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதி, மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கிப் பேசலாம். சென்னையில் முதன்முதலாக ஒலிபரப்பு நடத்தியவர்களே இப்படிப்பட்ட ஆர்வலர்கள்தான். அது 1924இல் நடந்தது.

ஆசைக்குப் பேசினாலும், ஆபத்து நேரத்தில் இவர்களே கை கொடுப்பார்கள். 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற பெண்மணி அந்தமானில் இருந்தார். ஹாம் ரேடியோவில் பேசுவதற்காகக் குழுவோடு போயிருந்தவர். போர்ட் பிளேரிலிருந்து அவருடைய குழுவின் ரேடியோ மூலம் வெளியுலகத்துக்குச் செய்தி போயிற்று.

அப்படிப்பட்ட நேரத்தில் குரல் கரகரத்தால், ஊர் பெயர் மாறிப் போகும். எண் மாறிப் போகும். ‘பி’யும் ‘டி’யும் ஒன்று போலக் கேட்கும் என்பதால்தான் ஹாம்கள் ‘பிராவோ’, ‘டெல்டா’ என்று எழுத்துகளுக்குப் பெயர் வைத்துச் சொல்கிறார்கள். கரகரப்பு அதிகமானால் அதுவும் காதில் விழாது.

வாத்து கத்துகிறதா?

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரல் வாத்து கத்துவது போலக் கேட்டால் அது கோளாறே அல்ல! ஹாம்கள் குரல் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். அலைவரிசை இம்மி விலகினாலும் மனிதக் குரல் வாத்துக் குரலாகிவிடும். குமிழை மெல்ல, மிக மெல்லத் திருப்பினால் சரியாகிவிடும். இது தெரியாமல் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு விழிக்கிறவர்கள் உண்டு.

குமிழைத் திருப்பியும் கரகரப்பு போகவில்லையா? ஹெட்போனை மாட்டிக் கேட்க வேண்டும். அதில் தெளிவாக இருந்தால் குற்றவாளி ஸ்பீக்கர்தான். காகிதக் கூம்பு கிழிந்திருக்கும். அல்லது தூசி புகுந்து உரசும்.

பாட்டரி ஏமாற்றும்

அடுத்தது பாட்டரி. இது பலே ஏமாற்றுக்காரன்! ரேடியோவை அணைத்துவிட்டு மீட்டர் வைத்தால், செத்த பாட்டரியும் ஏறக்குறைய முழு வோல்ட் காட்டும். ரேடியோ உரக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அப்போது வோல்ட் மளமளவென்று இறங்கினால், புதுப் பாட்டரி போட்டாலே போதும். வால்யூமைக் கூட்டும்போது மட்டும் குரல் உடைந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

இருவர் இழுக்கும் ரம்பம்

சில பெட்டிகளில் நேர்மாறாக இருக்கும். உரக்க வைத்தால் நன்றாகக் கேட்கும். மெதுவாக வைத்தால் கரகரக்கும். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மரவாடியில் பெரிய ரம்பத்தை இருவர் பிடித்து அறுப்பார்கள். ஒருவர் இழுத்து முடித்ததும் மற்றவர் இழுப்பார். நடுவில் ஒரு கணம் இருவருமே சும்மா இருந்தால் ரம்பம் தடுக்கித் தடுக்கிப் போகும். ரேடியோவின் கடைசிப் பகுதியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒலி அலையின் மேல் பாதி ஒன்றுக்கு. கீழ் பாதி மற்றதற்கு.

சிலிக்கன் டிரான்சிஸ்டர் சுமார் 0.6 வோல்ட் கிடைக்கும் வரை தூங்கும். ஆகவே சிறிது மின்சாரம் கொடுத்து அதை எப்போதும் அரை விழிப்பில் வைத்திருப்பார்கள். இதற்கு ‘பயாஸ்’ என்று பெயர். பயாஸ் குறைந்தால், அலை கைமாறும் இடத்தில் இரண்டுமே தூங்கிவிடும். அங்கே ஒலி அறுந்து போகும்.

மெதுவாக வைத்தால் மட்டும் ஏன் தெரிகிறது? நூறு ரூபாயில் ஒரு ரூபாய் தொலைந்தால் யாருக்கும் உறைக்காது. இரண்டு ரூபாயில் ஒன்று தொலைந்தால்?

பயாஸ் கொடுக்கும் டயோடையும் ரெசிஸ்டரையும் சோதித்து, கெட்டதை மாற்றினால் குரல் திருந்திவிடும். சில பெட்டிகளில் அதற்கென்று சிறு திருகு இருக்கும். பேராசைப்பட்டு அதை அதிகம் திருப்பினால் டிரான்சிஸ்டர் சூடேறிக் கருகிவிடும்!

‘டப டப’ சத்தம்

இரண்டு டிரான்சிஸ்டருக்குப் பதிலாக ஒரே சில்லு வைத்த பெட்டிகளும் உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003ஆம் ஆண்டு வாக்கில் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ பெட்டியைப் பல ஹாம்கள் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். அதில் எல்.எம்.386 என்ற சில்லு ஒலியைப் பெருக்குகிறது. சாதாரணமாக 20 மடங்கு பெருக்கும். ஒரு கண்டென்சரைச் சேர்த்தால் 200 மடங்கு! பயாஸ் சில்லுக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பாட்டரிக்குக் குறுக்கே இருக்கும் பெரிய கண்டென்சர் நாளடைவில் வற்றிப் போகும். வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். வற்றினால், குரலோடு படகு மோட்டார் போல ‘டப டப’ என்று சத்தம் வரும். அதே அளவுள்ள நல்ல கண்டென்சரை மேலே தொட்டு வைத்துப் பார்க்கலாம். கூட்டல், கழித்தல் முனை மாறக்கூடாது. சத்தம் நின்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் பாட்டரிப் பெட்டிக்கு மட்டும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டியைத் தெரியாதவர்கள் திறக்கவே கூடாது.

சோதனையைப் புறப்படும் முன்பு வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மலைமேல் தேங்காய் கிடைக்கும், கற்பூரம் கிடைக்கும். கண்டென்சர் கிடைக்காது!