இடுப்பெலும்பை எடுக்காமல் கால் எலும்பு சேருமா?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் பைக்கும் நெருக்கியடித்து ஓடும். பைக்கில் போகிறவர் அடிபட்டால், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு எளிதில் உடையும். அதன் முன்பக்கத்தில் சதை இல்லை, தோல்தான். உடைந்த முனை தோலைக் கிழித்து வெளியே வரும், மண் சேரும், ரத்த ஓட்டம் குறையும். உள்ளே ராடு போட்டு மாதங்கள் ஆன பிறகும் சிலருக்கு எலும்பு கூடுவதில்லை.

அப்போது டாக்டர்கள் பெரும்பாலும் இடுப்பெலும்பைத்தான் நாடுகிறார்கள். அதன் மேல்விளிம்பைத் திறந்து, பஞ்சு போன்ற உள்ளெலும்பைத் துண்டு துண்டாகச் சுரண்டியெடுத்து, உடைந்த இடத்தில் நிரப்புவார்கள். உயிருள்ள செல்கள், அவை பற்றி வளரச் சட்டகம், வளரத் தூண்டும் புரதம் ஆகிய மூன்றும் அதில் உண்டு. ஆனால் எடுத்த இடத்தில் வலி நீடிக்கலாம். எடுக்கக்கூடிய அளவும் குறைவு.

அந்தப் புரதத்தை மட்டும் தனியே தர முடியுமா?

இந்தத் தேடலுக்கு வழிதிறந்தவர் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைக்கிறது என்று 1965-இல் அவர் அறிவித்தார். 1981-இல், இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஆய்வாளர்கள் சம்பத்தும் ஹரி ரெட்டியும் எலும்புத்தூளிலிருந்து எலும்பு வளரத் தூண்டும் சத்தைக் கரைத்துப் பிரித்தார்கள். சத்து தனியாகவும் சக்கை தனியாகவும் பலன் தரவில்லை. இரண்டையும் மீண்டும் சேர்த்தபோது எலும்பு வளர்ந்தது. தூண்டுதலுக்குத் தாங்கியும் வேண்டும் என்பது அங்கே தெளிவானது.

இன்றைய சிகிச்சையும் அதே வழிதான். பிஎம்பி-2 என்ற புரதத்தூளைக் கரைத்துக் கொலாஜன் பஞ்சில் ஊற்றி, 15 நிமிடம் ஊறவிட்டு, முறிவில் வைக்கிறார்கள். தோல் கிழிந்த கால் எலும்பு முறிவு கொண்ட 450 பேரிடம் நடந்த, 2002-இல் வெளியான ஆய்வில், அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு மறு சிகிச்சைக்கான வாய்ப்பு 44 சதவீதம் குறைந்தது. 2004-இல் அமெரிக்கா இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி தந்தது.

பிறகு வேகம் தணிந்தது. எலும்பின் உட்குழலைக் கடைந்து ராடு பொருத்தியவர்களிடம் நடந்த அடுத்த ஆய்வில், மருந்தால் எலும்பு சேரும் வேகம் குறிப்பிடும்படி கூடவில்லை. கழுத்து முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்தியபோது உயிருக்கு ஆபத்தான வீக்கம் வந்ததாக 2008-இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது. வேண்டாத இடத்தில் எலும்பு முளைப்பதும் உண்டு. விலையோ மிக அதிகம்.

ஆக, இந்த வளர்ச்சிப் புரதம் இடுப்பெலும்புக்கு முழு மாற்று அல்ல. தேர்ந்தெடுத்த சிலருக்கு உதவும் துணை. ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கரில் சிப்காட் அமைக்கும் மருத்துவக் கருவிப் பூங்காவில் தரமான தாங்கிப் பொருள்கள் மலிவாகத் தயாரானால், இந்தச் சாலைகளில் அடிபடும் தொழிலாளிக்கே அது பயன்படும்.

எலும்பு கூடவில்லை என்றால், கிருமித் தொற்று இருக்கிறதா, ராடு அசைகிறதா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், புகைப்பதை விடுங்கள். விலையுயர்ந்த புரதத்தைப் பரிந்துரைத்தால், உங்கள் முறிவுக்கு அது பலன் தரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று தயங்காமல் கேளுங்கள்.