கண்ணாடித் தொட்டியிலே பவளம்

சென்ற ஓண விடுமுறைக்கு நான் ஊருக்குப் புறப்பட்டபோது, பட்டத்தில் குடியிருக்கும் மலையாள நண்பர் ஒருவர், "கீழக்கரைக்குத்தானே போகிறாய்? வரும்போது உயிருள்ள பவளக் கொத்து ஒன்று கொண்டு வா. என் தொட்டிக்கு அது ஒன்றுதான் குறை" என்றார். அவர் வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. வண்ண மீன்கள் நாலைந்து அதிலே திரிகின்றன. முடியாது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். ஏன் முடியாது என்பதை விளக்கத்தான் ஒரு மாலைப்பொழுது முழுதும் பிடித்தது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் வேறு. எங்கள் கடலோரத்தார் முருகைக்கல் என்று வழங்கும் கல் பவளம் வேறு. இந்தக் கல்லைக் கட்டுகிறவை குழல் வடிவான சிறு பிராணிகள். அவற்றின் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைக்கிறது. அதில் பெரும்பங்கு வீட்டுக்காரருக்கே போய்ச் சேருகிறது. பிராணி வெளிவிடும் கரியமில வாயுவும் கழிவும் பாசிக்கு உணவு. இவ்வாறு கிடைத்த வலிமையைக் கொண்டு பிராணியானது கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தன் அடியிலே படியவைத்து, அதன்மேல் ஏறி ஏறி வளருகிறது.

அப்படியானால் நல்ல வெளிச்சமும் கடல்நீரும் இருந்தால் போதாதா? நண்பரின் கேள்வி இதுதான். ஓரளவுக்கு உண்மையே. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களும், காற்றுக் குமிழிகளும், சூரிய ஒளியுமே துணையாகத் தொட்டியில் பவளம் வளர்த்த முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். ஆனால் அவருக்குக் கடல் பக்கத்திலே இருந்தது. கடலை விட்டு விலகியவர்களுக்குத்தான் கணக்குப் பார்க்கவேண்டி வருகிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பவளம் செழித்து வளரும் தொட்டியில் நாள் ஒன்றுக்கு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்வரை குறைந்துவிடலாம். 200 லிட்டரில் அது இரண்டு கிராம். கடலுக்கு இது ஒரு பொருட்டல்ல. தொட்டியிலோ சில வாரங்களில் வளர்ச்சி நின்றுவிடும். இதற்கு வளர்ப்போர் கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சுண்ணாம்புத் தெளிநீர். ஆம், வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றின சுண்ணாம்புதான்! தூய நீரில் அதைக் கலக்கித் தெளியவிட்டால், மேலே நிற்கும் தெளிநீர் லிட்டர் ஒன்றில் சுமார் 800 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். ஆக, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போகும் நீரும் அந்த அளவிலேயே இருந்துவிட்டால், அதற்கு ஈடாக இதையே சொட்டுச் சொட்டாக விடலாம். ஒரே மூச்சில் ஊற்றினாலோ காரம் ஏறித் தொட்டியே மடிந்துபோகும்.

உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, ஓயாத நீரோட்டம், கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி, இவையெல்லாம் காசு கொடுத்தால் கிடைப்பவை. உஷ்ணம் அப்படியல்ல. தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரியில் நிற்பது நலம் என்பார்கள். திருவனந்தபுரத்துச் சித்திரை வெயிலிலே, விளக்கின் சூடும் சேர்ந்தால், நீர் 30 டிகிரியைத் தாண்டுவது எளிது. குளிரூட்டும் யந்திரம் இரவும் பகலும் ஓடவேண்டும். மின்சாரம் நாலு மணி நேரம் நின்றால் பிராணவாயுவும் குறையும், சூடும் ஏறும். உஷ்ணம் மிகுந்தால் பிராணி தன் பாசியை வெளியேற்றிவிடுகிறது. தசை கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் வெள்ளைக் கல் தெரிகிறது. இதைத்தான் வெளுத்தல் என்கிறோம். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. விரைவில் சூடு தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும்.

இவ்வளவையும் கேட்ட நண்பர், "சரி, குளிரூட்டியும் வாங்கிவிடுகிறேன்" என்றார்! அப்போதுதான் சட்டத்தைச் சொன்னேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2001-இல் கல் பவளங்கள் யாவும் அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. கடலிலிருந்து பவளத்தை எடுப்பது குற்றம். விற்பதும் வாங்குவதும் குற்றம். உயிரற்ற வெள்ளைக் கொத்தை அலமாரியில் அழகுக்கு வைப்பதற்கும் விலக்கில்லை.

நான் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் மறுத்தேன் என்று எண்ணவேண்டாம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் சுவரிலே முருகைக்கல்லைக் காணலாம். அந்நாளில் அது தவறென்று எவருக்கும் தோன்றவில்லை. பிறகு சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் படகு படகாக வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பார் போனபின் மணல் எப்படி நிற்கும்? 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. வெட்டுவது ஓய்ந்தது; ஆனால் 2010-இலும் 2016-இலும் கோடைச் சூட்டில் பவளங்கள் பரவலாய் வெளுத்தன. நண்பர் வீட்டுத் தொட்டிக்கு நான் அஞ்சிய கேடு கடலுக்கே வந்துவிட்டது. கடலுக்குக் குளிரூட்டி வைப்பார் யார்?

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் ஒரு வேலை செய்துவருகிறார்கள். மான்கொம்புப் பவளம் போன்ற விரைந்து வளரும் வகைகளின் சிறு துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி, வெட்டுண்டு வெறுமையான இடங்களில் இறக்குகிறார்கள். பழம் பவளத்தின் கிளையை ஒடித்து நட்டால் தனிக் கொத்தாக வளரும் என்பது தொட்டி வளர்ப்போரும் கையாளும் உண்மைதான். முருங்கைப் போத்து நடுவதுபோல என்று சொன்னேன். நண்பருக்கு உடனே விளங்கிவிட்டது.

அவருடைய தொட்டியில் இன்னும் மீன்கள்தாம் இருக்கின்றன. இராமநாதபுரம் கடலோரத்தில் கண்ணாடி அடித்தளமுள்ள படகில் சென்று பவளம் பார்க்கலாம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கடல் தெளிந்திருக்கும் மாதமாகப் பார்த்து அழைத்துப் போகவேண்டும்.