உபகாரச் சம்பளமும் தலைமைக் குணமும்

சர்வகலாசாலை மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் அளிப்போர் விதிக்கும் நிபந்தனையே, அவர்கள் எத்தகைய தலைவர்களாவார்கள் என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கிறது.

1902-இல் காலஞ்சென்ற ஸெஸில் ரோட்ஸ், ஆக்ஸ்போர்டில் பயிலும் மாணாக்கருக்காகத் தம் உயிலில் பெருந்தனம் ஒதுக்கினார். புத்தகப் படிப்பு மட்டும் போதாது. தேகப் பயிற்சி, சத்தியம், எளியோரிடம் பரிவு, சகாக்களை நடத்திச் செல்லும் திறமை ஆகியனவும் வேண்டுமென்றார். நல்ல விதிகளே! ஆயினும் அவர் கண்ட கனவு பிரிட்டிஷ் ஸாம்ராஜ்யத்தின் மேன்மை. பெண்மக்கள் அவ்வுதவி பெற்றுச் சென்றதோ 1977-இல்தான்.

லண்டனில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா வேறொரு வழி காட்டினார். இந்திய மாணாக்கருக்குத் தம் சொந்தப் பொருளை ஈந்த அவர், தாயகம் திரும்பியபின் பிரிட்டிஷ் சர்க்காரிடம் உத்தியோகம் ஏற்கலாகாது என்று நிபந்தனை விதித்தார். 1906-இல் அங்கு சென்ற ஸாவர்க்கர் அவ்வுதவி பெற்றவரே. சியாம்ஜி 1905-இல் ஹைகேட்டில் திறந்த 'இந்தியா ஹவுஸ்' விடுதியில் பழகிய நம் வ. வே. ஸு. ஐயர், 1910-இல் தேசத் தொண்டராகப் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

இன்று உதவித்தொகை அளிப்போர் மதிப்பெண்ணையும் வருமானச் சான்றையும் மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. "பட்டம் பெற்றபின் யாருக்காக உழைக்கப் போகிறாய்?" என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு நேர்மையாக விடையளிக்கத் துணியும் ஏழை மாணாக்கருக்கு நம் செல்வர்கள் கைகொடுப்பார்களாக.